லிண்டா ரான்ஸ்டட்டின் 'ஹார்ட் லைக் எ வீல்': பல வருடம் கேட்ட பிறகு

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டின் இந்த ஆல்பம் வந்தது 1974 நவம்பரில். முதலில் சிடி வாங்கினேன், இப்போது பெரும்பாலும் போனில்தான். மொத்தம் 10 பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். எழுபதுகளின் சாஃப்ட் ராக் (மென்மையான ராக்) பாட்டுகள் பலவும் சில மாதங்களில் திகட்டிவிடும். இது இன்னும் திகட்டவில்லை.

வாங்க வைத்தது 'யூ ஆர் நோ குட்'. 1975 பிப்ரவரியில் அமெரிக்க பாப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அந்தச் சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டு) மறுபக்கத்தில் ஹாங்க் வில்லியம்ஸின் பழைய பாட்டான 'ஐ காண்ட் ஹெல்ப் இட்'. அது கண்ட்ரி (அமெரிக்கக் கிராமிய பாணி இசை) பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. எனக்கு முதலில் அலுத்தது அந்தப் பெரிய ஹிட்தான். கடைசியில் நீளும் கிட்டாரும் வயலின்களும் மட்டும் இன்னும் பிடிக்கும். மறுபக்கத்துப் பாட்டு அலுக்கவே இல்லை. அதில் பாடகி எமிலூ ஹாரிஸ் கூடச் சேர்ந்து பாடுகிறார். காரில் கேட்டால் அவர் குரல் அமுங்கிப்போகும், ஹெட்போனில் கேளுங்கள்.

இதில் ஒரு பாட்டைக்கூட ரான்ஸ்டட் எழுதவில்லை. சிலர் இதைக் குறை என்பார்கள். ஆனால் லோவெல் ஜார்ஜின் லாரி டிரைவர் பாட்டையும் ஜேம்ஸ் டெய்லரின் தாலாட்டு மாதிரியான பாட்டையும் தேடி எடுத்து, இரண்டும் தன் பாட்டு என்றே தோன்றும்படி பாட எத்தனை பேரால் முடியும்? ஜே.டி. சவுதரின் 'ஃபெய்த்லெஸ் லவ்' இன்னும் ஒரு படி மேல். துள்ளலுக்கே பேர்போன பான்ஜோ என்ற தந்திக் கருவி அதில் அவ்வளவு சோகமாக ஒலிக்கிறது. தயாரிப்பாளர் பீட்டர் ஆஷர் எந்தக் கருவியையும் குரலை முந்த விடவில்லை.

சறுக்கல் ஒன்று உண்டு: 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்'. திருட்டுத்தனமாகச் சந்திக்கும் காதலர்களின் பயம், அறுபதுகளில் பாடகர் ஜேம்ஸ் கார் பாடியதில் அப்படியே இருக்கும். இங்கே குரல் வலு இருக்கிறது, பயம் இல்லை. நான் தாண்டிவிடுவேன்.

ஈகிள்ஸ் ராக் குழுவைப் பிடித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. அந்தக் குழுவின் டான் ஹென்லியும் கிளென் ஃப்ரேயும் 1971-இல் ரான்ஸ்டட்டின் பின்னணிக் குழுவில் இருந்தவர்கள்தான். புதிதாகக் கேட்பவர்கள் ஆறாவது பாட்டான 'வென் வில் ஐ பி லவ்ட்'-இல் ஆரம்பிக்கலாம். இரண்டே நிமிடம். பிடிக்கவில்லை என்றால் மீதியைக் கேட்க வேண்டாம்.