வீட்டில் கட்டும் விமானம்: கிட்டா, வரைபடமா?

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் கட்ட இறங்குபவர்கள் முதலில் திணறுவது இதில்தான்: பாகங்கள் தயாராக வரும் கிட்டை வாங்கிப் பூட்டுவதா, வரைபடத்தை மட்டும் வாங்கிப் பாகங்களையும் தாமே செய்வதா?

செலவு
கிட்: ஆரம்பத்திலேயே பெரிய தொகை போகும்.
வரைபடம்: மலிவு. மரம், துணி, தகடு எல்லாம் காசு சேரச் சேர வாங்கிக்கொள்ளலாம்.

நேரம்
கிட்: சீக்கிரம் முடியும்.
வரைபடம்: இழுக்கும். பாதியில் கொட்டகையிலேயே நின்றுபோனவை ஏராளம்.

தவறுக்கு இடம்
கிட்: பல கிட்களில் துளைகள் போட்டே வரும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி கோணலானால் எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.
வரைபடம்: 'இதை இங்கே மாற்றி வைத்தால் என்ன?' என்ற சபலம்தான் ஆபத்து. 1997-இல் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியக் கடலோரம் விழுந்து இறந்த லாங்-ஈசி, வரைபடம் பார்த்து வேறொருவர் கட்டிய விமானம்; அவர் அதைப் பழையதாக வாங்கியிருந்தார். ஒரு எரிபொருள் தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வால்வை, விமானத்தைக் கட்டியவர் வரைபடம் சொன்ன இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்ட உடம்பைத் திருப்பினால் விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலை வலது கால் தானாகவே மிதித்துவிடும்!

சோதனைப் பறப்பு
இரண்டுக்கும் ஒன்றுதான். அரசுச் சான்று பெற்ற எஞ்சினும் அதற்குரிய புரொப்பெல்லரும் (சுழலும் விசிறி) என்றால் வழக்கமாக 25 மணி நேரம் சோதனையாகப் பறக்க வேண்டும், இல்லையென்றால் 40.

சரி, யாருக்கு எது? வேலைக்கும் போய்க்கொண்டு சீக்கிரம் பறக்க நினைப்பவர் கிட் வாங்கட்டும். கட்டுவதிலேயே சுகம் காண்பவருக்கு வரைபடம். ஆனால் வால்வு, எரிபொருள் குழாய் பக்கம் சொந்த மூளையைக் காட்ட வேண்டாம்.