சாம்பல் ஹெட்டும் கறுப்பு ஹெட்டும்: ஒரே ஆம்பா, பெயர் மட்டும் வேறா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகிறது. புதிதாக வந்திருக்கும் சாம்பல் நிற பேஸ் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் ஆம்ப்), பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் கறுப்பு ஹெட்டுக்கு வேறு பெயர் ஒட்டி விற்பதா, இல்லை தனி டிசைனா? இரண்டும் 2 கிலோ சுமார் எடை. இரண்டுக்கும் பின்பக்கம் அச்சு அசல் ஒன்று. சாம்பலின் விலை கறுப்பின் விலையில் பாதி.

நெடுநாளாக ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் முத்தியால்பேட்டை அண்ணன் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்காம்பா. உள்ள ரெண்டும் ஒண்ணுதான்." தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி ஒத்துக்கொள்வதில்லை: "இல்லண்ணா, ரெண்டுலயும் வாசிச்சுப் பாத்துட்டேன். சத்தமே வேற."

இருவரும் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும்தான் சொல்கிறார்கள். அதனால் இரண்டு ஹெட்டையும் ஒரே மேசையில் வைத்து, ஆம்ப் சர்வீஸ் செய்யும் நண்பர் மூடியைத் திறந்து காட்ட, ஒரே கேபினட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தோம். நிறத்தைச் சொன்னாலே இங்கே வாசிப்பவர்களுக்குப் புரிந்துவிடும் என்பதால் கம்பெனிப் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

பெட்டிக்குள் போகும் முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஒரு ஆம்ப் இன்னொரு ஆம்பைப் போல இருப்பதற்குக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை தீராமல் நீள்கிறது.

முதல் வழி, பெயரை மட்டும் மாற்றுவது. 1965இல் இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனி தன் விநியோக உரிமையை ரோஸ் மாரிஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதனால் பழைய விற்பனையாளரான ஜானி ஜோன்ஸுக்கு மார்ஷல் ஆம்ப் விற்க வழியில்லாமல் போனது. நண்பரைக் கைவிட மனமில்லாத ஜிம் மார்ஷல், 'பார்க்' என்ற பெயரில் அவருக்கு ஆம்ப் செய்து கொடுத்தார். சில மாடல்களில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தாலும் செய்த இடமும் கைகளும் ஒன்றுதான். பெயர்மாற்றம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இன்னொருவர் சர்க்யூட்டை எடுத்துக்கொள்வது. அதே மார்ஷல் 1962இல் லண்டனில் செய்த முதல் ஆம்பான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேனின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. பாஸ்மேன், பெயரே சொல்வதுபோல, பேஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. ஆனால் முதல் வால்வு ஃபெண்டரில் 12ஏஒய்7, மார்ஷலில் ஈசிசி83. பின்னதில் பெருக்கம் அதிகம், ஒலி சீக்கிரம் உடைந்து கரகரக்கும். பவர் வால்வு 5881இலிருந்து விரைவிலேயே கேடி66க்கு மாறியது. பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் இருந்த இடத்தில், மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குலம் வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ராக் இசையில் இரண்டும் போன திசை வேறு வேறு. சர்க்யூட் ஒன்று என்பதால் சத்தமும் ஒன்று என்று வாதிடுகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மூன்றாவது வழிதான் நம் வழக்குக்கு மிக நெருக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய 'சன்' கம்பெனி, கிங்ஸ்மென் குழுவில் பேஸ் வாசித்த நார்ம் சண்ட்ஹோமும் அவர் சகோதரர் கான்ராடும் உருவாக்கியது. மேடையில் பேஸ் சத்தம் போதவில்லை என்பதுதான் தொடக்கம். பவர் பகுதிக்கு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பலத்தைத் தரும் பகுதிக்கு, அவர்கள் எடுத்தது, வீட்டில் இசைத்தட்டு கேட்பதற்காக டைனகோ விற்ற ஆம்பை. அதன் முன்னால், ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கும் பகுதியான ப்ரீஆம்பைத் தாங்களே செய்து சேர்த்து, தங்கள் பெட்டியில் வைத்தார்கள். அந்த ஆம்பை டைனகோவுக்கு வேறு பெயர் ஒட்டியது என்று யாரும் சொல்வதில்லை. தசை மட்டும் வாங்கியது, குரல் சொந்தக் குரல்.

இன்று வரும் 2 கிலோ ஹெட்டுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான் பிறக்கின்றன. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் தந்தது; அதன் ஹெட் மட்டுமே 35 கிலோவைத் தாண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த எடையைக் குறைத்தது, மின்சாரத்தைச் சூடாக அதிகம் வீணாக்காத கிளாஸ் டி பவர் பகுதியும், கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் தேவைப்படாத ஸ்விட்சிங் பவர் சப்ளையும். இவற்றை முதலிலிருந்து டிசைன் செய்வது எளிதல்ல. அதனால் டென்மார்க்கின் ஐஸ்பவர், நெதர்லாந்தின் ஹைபெக்ஸ் போன்ற கம்பெனிகள் முழு மாட்யூலாகவே செய்து விற்கின்றன. பெரிய பெயர்களும் வாங்குகின்றன, சின்னப் பெயர்களும் வாங்குகின்றன.

சரி, மேசைக்கு வருவோம்.

மூடியைத் திறப்பது பற்றி முதலில் ஒரு வார்த்தை. 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் 325 வோல்ட் வரும். அது கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தெரிந்தவர் திறக்கட்டும், நாம் எட்டி நின்று பார்ப்போம்.

திறந்ததும் அண்ணன் முகத்தில் வெற்றி. பவர் போர்டு இரண்டிலும் ஒன்றேதான்: அதே அச்சு எண், அதே இடத்தில் அதே காயில், மின்விசிறிக்குப் போகும் கம்பியின் சாக்கெட் வரைக்கும் மாறவில்லை. பின்பக்கம் ஒன்றுபோல இருந்ததற்கும் காரணம் தெரிந்துவிட்டது. மாட்யூல் எங்கே உட்காருகிறதோ, ஸ்பீக்கர் சாக்கெட்டும் காற்றுத் துளையும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

போர்டின் ஓரத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு எண்ணையும் அவர் சுட்டிக் காட்டினார். இரண்டிலும் அதே எண். இதை மட்டும் ஆதாரமாக எடுக்கக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புச் சான்று அமைப்பான யூஎல், வெறும் சர்க்யூட் போர்டை அச்சடிக்கும் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் எண் அது. ஒரே தொழிற்சாலை சலவை இயந்திரத்துக்கும் போர்டு அடிக்கும், ஆம்புக்கும் அடிக்கும். டிசைன் யாருடையது என்பதை அந்த எண் சொல்லாது. நம் ஆட்களின் வாக்குவாதத்தில் அதிகம் அடிபடும் தவறான சாட்சி இதுதான்.

அடுத்து ப்ரீஆம்ப் போர்டு. இங்கே தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு ஒற்றுமையும் இல்லை. கறுப்பில் நான்கு பகுதி டோன். நடுப்பகுதி இரண்டையும் எந்த அலைவரிசையில் வேண்டுமோ அங்கே நகர்த்தலாம். சாம்பலில் மூன்று பகுதி, அதோடு இரண்டு பட்டன்கள். போர்டின் வடிவமே வேறு, ஐசி வேறு, சிக்னல் போகும் பாதை வேறு. கறுப்பில் குமிழ்களும் உள்ளீட்டு ஜாக்கும் முன்தகட்டில் நட்டுப் போட்டு முறுக்கப்பட்டிருக்கின்றன. சாம்பலில் ஜாக் பிளாஸ்டிக், போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மேடையில் யாராவது கேபிளில் கால் இடறினால் அந்த இழுப்பு முழுவதும் நேராகப் போர்டின் பற்றுக்குத்தான் போகும்.

கண்ணுக்குத் தெரிந்ததைக் காதாலும் உறுதிசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்பின் ஒலியை வெளியே எடுக்கும் சென்ட், பவர் பகுதிக்குள் விடும் ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்) உள்ள எந்த இரண்டு ஆம்பையும் இப்படிச் சோதிக்கலாம். கறுப்பின் சென்டிலிருந்து ஒரு கேபிளைச் சாம்பலின் ரிட்டர்னில் செருகினால், கறுப்பின் ப்ரீஆம்ப் சாம்பலின் பவர் பகுதி வழியாகப் பேசும். அப்புறம் தலைகீழாக மாற்றிச் செருக வேண்டும். சத்தத்தின் அளவை இரண்டு முறையும் சமமாக வைப்பது முக்கியம், ஏனென்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும். நாங்கள் கேட்டது தெளிவாக இருந்தது. எந்தப் பவர் பகுதி வழியாக வந்தாலும் கறுப்பு கறுப்பாகவே ஒலித்தது, சாம்பல் சாம்பலாகவே ஒலித்தது.

காதை நம்பாதவர்களுக்கு இன்னொன்று. இரண்டின் டிஐ (மிக்சருக்கு நேராகக் கொடுக்கும்) வெளியீட்டிலிருந்தும் ஒரே வாசிப்பை லேப்டாப்பில் பதிவுசெய்து, அளவைச் சமப்படுத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினோம். சர்க்யூட் ஒன்றாக இருந்தால், உதிரிப் பாகங்களின் சிறு ஏற்றத்தாழ்வு போக, பெரும்பாலும் மௌனம்தான் மிஞ்ச வேண்டும். இங்கே எல்லாக் குமிழும் நடுவில் இருந்தும் நடுப்பகுதி ஒலி தாராளமாக மிஞ்சியது. இரண்டு கம்பெனிகளும் 'சமநிலை' என்று எதை வைத்துக்கொள்கின்றன என்பதே வேறு.

எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வித்தியாசம் காதில் விழுந்ததல்ல, ஸ்பீக்கர் கூம்பில் தெரிந்தது. நான்கு கம்பி பேஸின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியானால் 31. இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த, காற்றுத் துளையுள்ள சின்ன கேபினட்டில் துளை சரிசெய்யப்பட்ட அளவுக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. சாம்பலைப் போட்டு ஐந்தாம் கம்பியைக் கட்டைவிரலால் அடித்தபோது கூம்பு கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் பாய்ந்தது. சத்தமாகக் கேட்டதோ கொஞ்சம்தான். கறுப்பில் அதே அடிக்குக் கூம்பு அடக்கமாக நின்றது, சத்தம் கூடுதலாக வந்தது. அதன் ப்ரீஆம்பில் 30 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் இருக்கிறது. சாம்பலில் மிச்சம் பிடித்தது இங்கேதான். "கறுப்புல பவர் அதிகம்" என்று தம்பி நினைத்ததற்கும் இதுவே விளக்கம். பவர் பகுதி ஒன்றுதான். ஒன்று அதைக் கேட்காத ஒலியில் வீணாக்குகிறது, இன்னொன்று வீணாக்குவதில்லை.

வாட் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒன்றில் 500, மற்றதில் 600 என்று போட்டிருப்பதால் மாட்யூல் வேறு என்று ஆகாது. 1 சதவீதச் சிதைவில் அளந்தால் ஒரு எண் வரும், 10 சதவீதத்தில் அளந்தால் பெரிய எண் வரும். அப்படியே உண்மையான 500க்கும் 600க்கும் இடையே இருப்பது 0.8 டெசிபல். அதை வைத்து யாரும் ஆம்ப் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒருவர், கேள்விப்பட்டு, தன்னிடம் இருந்த இரண்டு காம்போக்களையும் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளவை) கொண்டுவந்தார். வேறு வேறு பெயர், வேறு வேறு இறக்குமதியாளர் ஸ்டிக்கர். திறந்தால் பவர் போர்டு, ப்ரீஆம்ப் போர்டு, ஸ்பீக்கர், ப்ரீஆம்பில் அச்சிட்ட திருத்த எண்கூட ஒன்று. லூப்பை மாற்றிச் செருகினாலும் இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தன. இது பார்க் கதை, சந்தேகமே வேண்டாம். அவருக்கு இதில் லாபம்தான்: ஒன்று போனால் மற்றதிலிருந்து பாகம் எடுத்துப் போடலாம். விலை குறைந்ததை வாங்கினால் போதும்.

ஆக ஹெட் விஷயத்தில் என் தீர்ப்பு தம்பி பக்கம், பாதி தூரத்துக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு. தசை ஒன்று, குரல் வேறு. சாம்பல் தனி டிசைன்தான். ஆனால் கறுப்பு வாங்குகிறவர் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பவர் பகுதிக்கு எதுவும் போகவில்லை, முன்னால் இருக்கும் போர்டுக்கும் முறுக்கிய ஜாக்குக்கும் ஃபில்டருக்கும் போகிறது.

யாருக்கு எது? தேவாலயத்திலோ மண்டபத்திலோ ஒரே இடத்தில் வைத்து, டிஐ வழியாகப் பெரிய சவுண்டுக்குக் கொடுத்து வாசிப்பவருக்குச் சாம்பல் தாராளமாகப் போதும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை, மறுநாள் ஏதோ ஊர்த் திருவிழா, ஜூன் 21 இசை நாளுக்குப் புதுச்சேரித் தெருமுனை என்று மேடை மேடையாகத் தூக்கிப் போகிறவர் கறுப்பை எடுக்கட்டும். ஐந்து கம்பி வாசிப்பவர் யோசிக்கவே வேண்டாம். ஜெனரேட்டர் மின்சாரத்தை இரண்டும் ஒரே மாதிரிதான் தாங்கும், பவர் சப்ளை ஒன்று என்பதால்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இரண்டு ஹெட்டிலும் வரப்போகும் தொல்லை ஒன்று உண்டு. மின்விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஜாக்கில், எதுவும் செருகாதபோது சிக்னலைக் கடத்தும் சின்னத் தொடுமுனை இருக்கிறது. அது கறுத்துப்போனால் சத்தம் திடீரெனக் குறையும், விட்டு விட்டு வரும். ஆம்ப் செத்துவிட்டது என்று பதறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓட வேண்டாம். சென்டையும் ரிட்டர்னையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் கோளாறு அந்த ஜாக்கில்தான். கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் சரியாகிவிடும்.

சாம்பலை வாங்குபவர்கள் வாரண்டி முடிந்ததும் உள்ளீட்டு ஜாக்கைக் கழற்றி, தகட்டில் நட்டுப் போட்டு முறுக்கும் உலோக ஜாக்கை வைத்து, கம்பி இழுத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஹைபாஸ் பெடல் ஒன்றைத் தனியாக வாங்கி முன்னால் போட்டால் கூம்பு தப்பிக்கும். இந்த இரண்டு செலவையும் சேர்த்த பிறகும் சாம்பல் கறுப்பைவிட மலிவாகத்தான் வருகிறது.