வாரம் 28 மணி நேரம்: பென்தோ ஃபேக்டரியா, கொன்பினியா, இஸகாயாவா?

ஜப்பானுக்கு மொழி படிக்கக் கிளம்புகிறவர்கள் பள்ளியைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். எந்த ஊர் நல்லது, கட்டணம் எவ்வளவு, ஏப்ரலில் சேரலாமா, அக்டோபரில் சேரலாமா. மொழிப்பள்ளியில் வகுப்பு நாளைக்கு நான்கு பாடவேளை, வாரத்துக்கு இருபது. பகுதிநேர வேலைக்கோ 28 மணி நேரம் வரை அனுமதி உண்டு. அப்படியானால் நாம் அதிக நேரம் இருக்கப்போகும் இடம் வகுப்பறை அல்ல, வேலை செய்யும் இடம். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். டோக்கியோவில் இருந்த இரண்டு வருடத்தில் பென்தோ (சோற்றுப் பெட்டி) கட்டும் ஃபேக்டரி, கொன்பினி என்ற சிறு பலசரக்குக் கடை, இஸகாயா என்ற மதுவும் உணவும் தரும் கடை என மூன்று இடங்களிலும் பைத்தோ பார்த்தேன். ஜப்பானில் பகுதிநேர வேலைக்கு அதுதான் பெயர். முழுச்சொல் அருபைத்தோ.

முதலில் விதி. மாணவர் விசாவில் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் இறங்கியதுமே விண்ணப்பித்தால் குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் முத்திரை விழுந்துவிடும். 28 மணி நேரம் என்பது ஞாயிறு முதல் சனி வரையிலான கணக்கு அல்ல. எந்த நாளில் தொடங்கி ஏழு நாள் எண்ணினாலும் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளைக்கு எட்டு மணி நேரம். பச்சிங்கோ என்ற சூதாட்ட விளையாட்டுக் கடைகளில் தரை துடைப்பதுகூடக் கூடாது. "கொஞ்சம் கூடப் போனா யாருக்குத் தெரியும்" என்று சொல்லும் அண்ணன்மார் எல்லா விடுதியிலும் இருப்பார்கள். வரிச் சான்றிதழில் வருமானம் முழுவதும் தெரியும். விசா நீட்டிப்பில் மறுப்பு வந்தால் அந்த அண்ணன் கூட வரமாட்டார்.

பென்தோ ஃபேக்டரி

மொழி தெரியாதபோது கிடைக்கும் வேலை இதுதான். என் முதல் வேலையும் இதுவே. இரவு ஸ்டேஷன் வாசலில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு டோக்கியோவை ஒட்டிய சைத்தாமா மாவட்டப் பக்கம் போகும். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும். உடையில் ஒட்டிய முடியை உருளையால் எடுத்து, கையை முழங்கைவரை கழுவி, காற்றடிக்கும் அறையைக் கடந்தால் குளிரான ஒரு கூடம். பெல்ட்டில் சோற்றுப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். எனக்கு வாய்த்தது உமேபோஷி: சோற்றின் நடுவில் வைக்கும் அந்தச் சிவப்பு ஊறுகாய்ப் பழம். இரவு முழுக்க அதை மட்டும் வைத்தேன்.

பக்கத்தில் நேபாளத்துத் தம்பி, எதிரில் வியட்நாம் பெண்கள். எல்லோரும் மாணவர்கள், நல்ல மனிதர்கள். ஆனால் பெல்ட் ஓடும்போது பேச்சில்லை. ஆறு மாதத்தில் அங்கே என் காதில் விழுந்த ஜப்பானியச் சொற்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். "ஹயாகு" (சீக்கிரம்), "ச்சோத்தோ மத்தே" (கொஞ்சம் இரு), "ஓட்ஸுகரே" (வேலை முடிந்ததும் சொல்லும் வார்த்தை). காலை ஒன்பது மணி வகுப்பில் உடம்பு மட்டும் உட்கார்ந்திருக்கும். வருகைப்பதிவு குறைந்தால் அதுவும் விசாவைத்தான் தொடும்.

பணத்தில் இதற்கு ஒரு அனுகூலம் உண்டு. இரவு 10 முதல் காலை 5 வரை சட்டப்படி 25 சதவீதம் கூடுதல் ஊதியம். 2025 இறுதியில் உயர்ந்த குறைந்தபட்சக் கூலி சைத்தாமாவில் மணிக்கு 1,141 யென், டோக்கியோவில் 1,226 யென். சைத்தாமாவின் இரவுக்கூலி 1,426 ஆகிறது. 28 மணி நேரத்தையும் இரவிலேயே செய்தால், டோக்கியோவில் பகல் வேலை பார்ப்பவரைவிட வாரம் சுமார் 5,600 யென் கூட வரும். மாதம் 22,000. அறை வாடகையில் கணிசமான பங்கு அது, சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன்.

கொன்பினி

ஊரிலிருந்து பார்க்கும்போது கொன்பினி வேலை எளிதாகத் தெரியும். கல்லா மட்டும் அல்ல அது. கூரியர் வாங்க வேண்டும், மின்கட்டண ரசீதில் முத்திரை குத்த வேண்டும், கோழி பொரிக்க வேண்டும், தேதி பார்த்துப் பழையதை முன்னால் நகர்த்த வேண்டும். சிகரெட்டுக்கு எண் உண்டு. வாடிக்கையாளர் "ஹச்சிஜூ நானா பன்" என்றால் 87ஆம் தட்டு. முதியவர்கள் எண் சொல்ல மாட்டார்கள், பெயரின் பாதியைச் சொல்வார்கள். எண்களைக் காதால் பிடிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பேசுவது என்ன? சூடாக்கவா, பை வேண்டுமா (2020 ஜூலையிலிருந்து பைக்குக் காசு), ரசீது வேண்டுமா. இருபது வாக்கியம். அதிலும் சில, ஆசிரியர் திருத்தும் வாக்கியங்கள். ஆயிரம் யென் தாளை வாங்கும்போது "சென் என் கரா ஓஅஸுகரி ஷிமஸு" என்று கடையில் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் அதையே சொன்னபோது, அந்த "கரா" ('இருந்து') அங்கே தேவையில்லை என்றார் ஆசிரியர். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு வாய் தானாக ஓடியது, மொழி நின்றுவிட்டது. தயக்கம் போனது மட்டும் பெரிய லாபம். அறிமுகமில்லாத ஜப்பானியர் முகத்தைப் பார்த்துப் பேசும் பயம் எனக்கு அங்கேதான் விட்டது.

இஸகாயா

இரண்டாம் வருடம் டோக்கியோவின் தகாதனோபாபா பகுதியில் ஒரு சிறிய இஸகாயாவில் சேர்ந்தேன். மாலை ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தாலும் "ஒஹயோ கொஸாய்மஸு" (காலை வணக்கம்) என்றுதான் சொல்ல வேண்டும். வேலை தொடங்கும் நேரமே அங்கே காலை. முதல் இரண்டு மாதம் பாத்திரம். வென்னீர், நீராவி, கீழே வழுக்கும் தரை. முதுகு ஃபேக்டரியில் வலித்ததைவிட அதிகமாக வலித்தது.

அந்தச் சமையலறையில்தான் எனக்கு ஜப்பானியம் பிடிபட்டது. கடை மேலாளரான தென்ச்சோ மரியாதை மொழி பேசமாட்டார், நேரமில்லை. "அராத்தே ஓய்தே!" அராத்தே என்றால் கழுவி, ஓகு என்றால் வை. கழுவி வை! "மொத்தே கிதே!" எடுத்துக்கிட்டு வா. புதிதாக ஒன்றைக் கற்றுத்தரும்போது "யத்தே மிதே". யத்தே என்றால் செஞ்சு, மிரு என்றால் பார். செஞ்சு பாரு. இதே வடிவங்களை வகுப்பில் அட்டவணையாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அடுப்படிச் சூட்டில் காதில் விழுந்தபோதுதான் அம்மா சமையலறையில் சொல்லும் வாக்கியங்களின் அதே கட்டு அது என்று உறைத்தது. செய்து வை, செய்து பார், எடுத்து வா: வினையெச்சத்தோடு துணைவினை. வியட்நாம் நண்பர்கள் திணறிய இடத்தில் தமிழ் நமக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் நடக்க, நம்மிடம் அப்படிப் பேசுகிற ஆள் வேண்டும். பென்தோ பெல்ட்டில் அவர் இல்லை. கொன்பினி கல்லாவின் எதிர்ப்புறத்திலும் இல்லை.

சாப்பாடும் உண்டு. வேலைக்காரர்களுக்குச் சமைத்துத் தரும் அதற்கு "மகனாய்" என்று பெயர். என் கடையில் இலவசம், சில கடைகளில் சிறு தொகை பிடிப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே உண்மையான சிரமம்: மிசோ சூப்பில் தொடங்கி வேகவைத்த கீரைவரை மீன் சாறு கலந்திருக்கும், டோஃபு மேலேயே மீன் சீவல் தூவுவார்கள். வெறும் சோறும் எதமாமேயும் (வேகவைத்த பச்சை சோயா பீன்ஸ்) கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, கடைசி ரயில். நள்ளிரவையொட்டிப் போய்விடும். கடை மூடும் நேரத்தையும் ரயில் நேரத்தையும் வேலையில் சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

யாருக்கு எது

கடன் வாங்கி வந்து அடுத்த தவணைப் பள்ளிக்கட்டணம் கழுத்தை நெரிக்கிறது என்றால், மொழியும் இன்னும் தெரியாது என்றால், ஃபேக்டரிக்குப் போங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் ஆறு மாதம் என்று தேதி குறித்துக்கொண்டு போங்கள். அங்கேயே இரண்டு வருடம் இருந்து, பட்டப்படிப்புக்கோ வேலைக்கோ போகுமளவு மொழி வராமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இன்றும் அது மனதில் கிடக்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கொன்பினி நல்ல நடுப்படி. ஜப்பானிலேயே மேலே படிக்கவோ வேலைக்குச் சேரவோ எண்ணம் இருந்தால், மாதம் 22,000 யென்னை விட்டுக்கொடுத்தாவது சிறிய கடைச் சமையலறைக்குள் நுழைந்துவிடுங்கள்.

நுழைவது எப்படி என்றால், கதவில் "அருபைத்தோ போஷூ ச்சூ" என்று தாள் ஒட்டியிருக்கும். பைத்தோவுக்கு ஆள் தேவை. மதியக் கூட்டமும் மாலைக் கூட்டமும் இல்லாத மூன்று மணிவாக்கில் போன் செய்யுங்கள். நேர்காணலுக்குப் புகைப்படம் ஒட்டிய ரிரெகிஷோ (தன்விவரத்) தாள், குடியிருப்பு அட்டை இரண்டும் வேண்டும். மொழிப்பள்ளி மாணவர், வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுவதிலிருந்து தொடங்கத் தயார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.