வேப்பமரத்துக்கு வைத்தியம் என்று 23,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மரத்தையே வெட்டி ஏற்றிப் போனார்கள்: கோவைக்காரர்கள் ஜாக்கிரதை

வீட்டில் வேப்பமரம் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக வயசானவர்கள் மட்டும் பகலில் வீட்டில் இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வாரம் நடந்தது, இன்னும் வயிறு எரிகிறது. போனது 23,500 ரூபாய். மரம் போனதுக்குக் கணக்கே இல்லை.

இந்த ஐப்பசியில் ஊருக்குள் எந்த வேம்பைப் பார்த்தாலும் தீயில் வாட்டின மாதிரி நுனியெல்லாம் கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வடவள்ளியில் எங்கள் வீட்டு மரமும் அப்படித்தான் ஆனது. அப்பா வீடு கட்டிய வருஷம் வைத்த மரம், அம்மா ஆடி வெள்ளிக்கு மஞ்சள் துணி கட்டுகிற மரம். தினமும் காலையில் கருகிய கொத்துகளைக் கூட்டி அள்ளும்போதெல்லாம் அம்மா முகம் வாடிப்போகும். அதோடு இரண்டு கிளை ஈபி சர்வீஸ் ஒயர் மேல் சாய்ந்து கிடந்தது, மழை வலுக்கும் முன் அதையும் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் மரப் பராமரிப்பு என்று தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது. அதில் 4.8 ஸ்டாரோடு மேலே நின்றவரைத்தான் கூப்பிட்டோம்.

வந்த ஆளைச் சொல்லணும். கேட்டுக்குள் நுழைந்ததும் மரத்தடியில் மஞ்சள் துணியைப் பார்த்தார், செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் மரத்துக்குக் கிட்டே போனார். அம்மா அதிலேயே அவரை நம்பிவிட்டார். அப்புறம் ஒரு குச்சியை ஒடித்து, நகத்தால் பட்டையைச் சீவி, உள்ளே பழுப்பேறியிருந்ததைக் காட்டி, "நுனிக்கருகல் நோயிங்கம்மா, பூஞ்சை, இப்படியே விட்டா தை மாசத்துக்குள்ள மரம் பட்டுப்போயிடும்ங்க" என்றார். நோயின் பேர் சரி, பூஞ்சை என்பதும் சரி. பொய்யை எங்கே வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பேசிக்கொண்ட வேலை இதுதான்: காய்ந்த நுனிகளையும் ஒயர் மேல் இருந்த இரண்டு கிளையையும் மட்டும் எடுப்பது, தண்டில் மருந்து ஏற்றுவது, தழையை அவரே அள்ளிக்கொண்டு போவது, ஈபியில் சொல்லி லைனை ஆஃப் பண்ணச் செய்வதும் அவர் பொறுப்பு. மொத்தம் 23,500. அட்வான்ஸ் 10,000 ஜிபேயில் போட்டேன். "ஆப் வழியா போட்டா கமிஷன் பிடிச்சுக்குவாங்கண்ணா, அந்தக் காசுக்கு உங்களுக்கே குறைச்சுத் தர்றேன்" என்று நேரடியாக வாங்கிக்கொண்டார்.

வேலைக்கு வந்ததோ நான் ஆபீஸ் போன பிறகு. அவர் வரவில்லை, நான்கு பையன்களும் ஒரு டாடா ஏஸும் ஒரு மெஷின் ரம்பமும் வந்தார்கள். அம்மா பின்பக்கம் சமையலில் இருந்திருக்கிறார். சத்தம் அதிகமாகி வெளியே வந்து பார்த்தால் மேலே பாதி மரம் இல்லை. "ஏன் கண்ணுகளா, ரெண்டு கிளைதானே" என்று கேட்டதுக்கு, "நோய் உள்ள இறங்கிடுச்சுங்கம்மா, வெட்டினாத்தான் துளிர்க்கும், அண்ணனுக்குத் தெரியும்" என்றிருக்கிறான் ஒருத்தன். எனக்கு ஒன்றும் தெரியாது! அந்த நேரம் பார்த்து அவர் எனக்குப் போன் பண்ணி, பையன்கள் மேலே நிற்கிறார்கள், மீதி போட்டால்தான் முடித்துவிட்டு இறங்குவார்கள் என்றார். 13,500 போனது. மேலே ஆளை நிறுத்திவைத்துக் காசு கேட்பதுதான் இவர்கள் தொழிலே என்று இப்போது புரிகிறது.

சாயங்காலம் வந்து பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மொட்டைத் தண்டு, அவ்வளவுதான். பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலிருந்து அறுக்கணும், இல்லையென்றால் கிளை தன் பாரத்தில் முறியும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். அப்படித்தான் உரித்திருக்கிறார்கள், இடுப்பு உயரம் வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குப் பட்டை தொங்குகிறது. தண்டில் ஐந்தாறு ஓட்டை, அதில் ஏதோ வெள்ளைத் தண்ணீரை ஊற்றி மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். விட்டுப்போன கேனில் லேபிளைக் கிழித்திருந்தது, முகர்ந்து பார்த்தால் பினாயில் வாடை. லைனும் ஆஃப் பண்ணவில்லை, சர்வீஸ் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது செத்திருந்தால்?

தழையெல்லாம் ரோட்டில். கட்டை ஒன்றுகூட இல்லை. கவனியுங்கள், தழை எங்களுக்கு, கட்டை அவர்களுக்கு. வேப்பங்கட்டையில் கரையான் லேசில் அண்டாது, கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் நல்ல கிராக்கி. அதற்குத்தான் தடித்த கிளையாகப் பார்த்து அறுத்திருக்கிறார்கள். அவர்கள் எங்களுக்குக் காசு கொடுத்து வாங்கிப் போகவேண்டிய சரக்கை, நாங்கள் 23,500 கொடுத்து ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

பக்கத்து வீட்டில் வேளாண்மைத் துறையில் இருந்து ரிடையர் ஆன ஒரு பெரியவர் இருக்கிறார், ஊருக்குப் போயிருந்தவர் மறுநாள்தான் வந்தார். வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் கருகல் மழையும் ஈரமும் உள்ள மாசங்களில் வரும், தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாறு உறிஞ்சுவதும் சேர்ந்துகொள்ளும், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலான மரங்கள் மாசி பங்குனியில் தானாகத் துளிர்த்துவிடும் என்றார். எட்டுகிற கருகல் குச்சிகளை வெட்டி எரித்தால் போதுமாம். இப்படி மொட்டையடித்த மரத்தில் வரும் துளிர் மேல்பட்டையோடு ஒட்டி நிற்குமே தவிர உள்ளிருந்து பிடிப்பு இருக்காது, பெருத்த பிறகு காற்றுக்கு முறியும் என்றும் சொன்னார். வேளாண் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

இனி அந்த ஆளின் பதில்கள். முதல் தடவை, "சைட்ல இருக்கேண்ணா, கூப்பிடறேன்." அடுத்து, "மருந்து வேலை செய்ய மூணு மாசம் ஆகும், பொறுமையா இருங்க." கட்டையைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது, "கழிவை அள்ளிட்டுப் போகச் சொன்னதே நீங்கதானே?" அதற்கப்புறம் ஒரு பெண் எடுத்து ராங் நம்பர் என்றார். இப்போது பிளாக்.

ஆப்காரர்கள் இதற்கு மேல். சாட்டில் ஒரு மெஷின் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று திரும்பத் திரும்ப வருந்தியது. கடைசியில் ஒரு மனுஷர் வந்து, நாங்கள் ஆளை அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், பணம் வெளியே கொடுத்ததால் பொறுப்பில்லை என்று கையை விரித்தார். அவர்கள் ஆள்தானே வெளியே கொடுக்கச் சொன்னது? ஆறுதலுக்கு 200 ரூபாய் கூப்பன் தந்தார்கள், பாத்ரூம் கிளீனிங்குக்கு மட்டும் செல்லும். நான் போட்ட ரிவ்யூ விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று நின்றுபோனது. அவருக்கு இன்றைக்கும் 4.8தான்.

மரம் வெட்ட ஆள் வைப்பது பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு: எந்தக் கிளை என்று சுண்ணாம்பில் கோடு போட்டுப் படம் எடுத்து வாட்ஸப்பில் ஓகே வாங்குங்கள். கட்டை யாருக்கு என்று முன்னாடியே பேசுங்கள். தழை ரோட்டைவிட்டுப் போகும்வரை மீதிக்காசைத் தராதீர்கள். ஒயர் பக்கம் என்றால் ஈபியில் நீங்களே சொல்லுங்கள். வேம்பு கருகினால் எட்டுகிற கருகல் குச்சிகளை எடுப்பதோடு சரி, பங்குனி வரை மரத்தில் கை வைக்காதீர்கள். தண்டில் ஊசி போடுகிறேன் என்று எவன் வந்தாலும் மருந்தின் பேரை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. ஜிபே விவரம், படங்கள், கேன் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. வடவள்ளி, மருதமலை ரோடு, தொண்டாமுத்தூர் பக்கம் இதே மாதிரி மரத்துக்கு மருந்து என்று யாருக்காவது நடந்திருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். தனித்தனியாகப் போனால் ஒரு கூப்பனோடு அனுப்பிவிடுவார்கள், சேர்ந்து போவோம்.