டைனோ சீட்டு கொடுத்தான், டியூன் செய்யவில்லை: 8,400 ராண்ட் போச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பைக்குக்குப் புது எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாட்டிவிட்டு, அடுத்து டியூனிங்குக்குக் (குழாய்க்கு ஏற்றபடி பெட்ரோல் அளவைச் சரிசெய்வதற்கு) கடை தேடுகிறவர்கள் காசு கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். 8,400 ராண்ட். ‘கஸ்டம் டைனோ டியூன், ஈசியூ ரீஃப்ளாஷ்’ என்று சொல்லி வாங்கிய தொகை. டைனோ என்பது வண்டியை உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் மெஷின், ஈசியூ இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், ரீஃப்ளாஷ் அதில் உள்ளதை மாற்றி எழுதுவது. டேங்கைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது கறுப்பு ரப்பர் குழாய் சுற்றிய ஒரு ரெசிஸ்டர் (மின்தடைத் துண்டு)! புகார் போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. கம்பெனி ஷோரூம் இல்லை, சர்வீஸ் சென்டரும் இல்லை. சுவர் முழுக்க ரேஸ் ஸ்டிக்கர் ஒட்டி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று போர்டு மாட்டிய தனிக் கடை, அந்த ரகம்.

வண்டி யமஹா எம்டி-07. இதன் ஒரிஜினல் எக்ஸாஸ்ட் ஹெடரிலிருந்து (இன்ஜினில் மாட்டும் முன்குழாய்) சைலன்சர் வரை ஒரே துண்டு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதற்குள்ளேயே. பின்னால் உள்ள டப்பாவை மட்டும் கழற்றி வேறு போடுவது நடக்காது. வெளியில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபுல் சிஸ்டம்தான், அதாவது முழுக் குழாயும். ஸ்லிப்-ஆன் (பின் டப்பா மட்டும்) போட முடிகிற வண்டிகளில் கன்வெர்ட்டர் இடத்தில் இருக்கும், காற்றோட்டம் பெரிதாக மாறாது, டியூன் இல்லாமலே ஓட்டலாம். ஃபுல் சிஸ்டத்தில் கன்வெர்ட்டர் போய்விடும், குழாயின் நீளமும் விட்டமும் மாறும். சில ஆர்பிஎம்மில் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் லீன் ஆகும். ஆக, டியூன் தேவை என்று அந்தக் கடைக்காரன் சொன்னது பொய் இல்லை. அதைச் செய்தேன் என்றதுதான் பொய்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரும் அங்கேதான் விழுவார். ‘வணக்கம் அண்ணா’ மட்டும் தமிழ், மீதியெல்லாம் இங்கிலீஷ். கவுன்ட்டருக்குப் பின்னால் முருகன் படம். அதைக்கூட விடுங்கள். அவன் கேட்ட கேள்விகள் மூன்று: ஓ2 சென்சாரை (புகையில் ஆக்சிஜன் பார்ப்பது) புதுக் குழாயில் திரும்ப மாட்டியாச்சா? ஏஐஎஸ்ஸை (எக்ஸாஸ்ட்டுக்குள் புதுக் காற்று விடும் அமைப்பு) மூடியாச்சா? டிபி கில்லர் (சத்தம் குறைக்கும் செருகி) உள்ளே இருக்கிறதா, கழற்றியாச்சா? மூன்றும் விஷயம் தெரிந்தவன் கேட்கிற கேள்விகள். கேட்கத் தெரிந்தவனுக்குச் செய்யவும் தெரியும் என்று யாருக்கும் தோன்றும். சாயங்காலம் கலரில் அச்சடித்த சீட்டு ஒன்று: சிவப்புக் கோடு 67 குதிரைத்திறன், நீலக் கோடு 74. கார்டு மெஷினில் 8,400 ராண்ட். ரசீதில் ‘டியூன்’ என்ற ஒரே சொல்.

அதே வாரம் கோளாறு தெரிந்தது. எம்4 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் வண்டி முன்னும் பின்னும் உதைக்கிறது. த்ராட்டிலை மூடினால் பட்பட்டென்று வெடிக்கிறது. மைலேஜ் இறங்கிவிட்டது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கரி. ஸ்பார்க் ப்ளக் இரண்டும் மைபோல் கறுப்பு.

போன் செய்தால் முதல் பதில்: ‘ஈசியூ கத்துக்கணும் அண்ணா, ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டுங்க.’ ஈசியூ கற்பது உண்மைதான், ஆனால் ஓ2 சென்சாரைக் கேட்டு நடக்கும் பகுதியில் மட்டும், அதாவது லேசான த்ராட்டிலில் சீராகப் போகும்போது. அங்கே அது 14.7:1-ஐ, அதாவது 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோலைப் பிடிக்கப் பார்க்கும். த்ராட்டிலை நன்றாகத் திறந்தால் சென்சாரைப் பார்க்காது. மேப்பில் (ஈசியூவுக்குள் உள்ள அட்டவணை) எழுதியிருக்கிற எண்தான். அந்த எண் தப்பு என்றால் 300 இல்லை, 30,000 ஓட்டினாலும் தப்புதான்.

இரண்டாவது பதில்: ‘பெட்ரோல் சரியில்லை.’ டர்பனில் எல்லோரும் போடுவது 95 ஆக்டேன். கடலைவிட்டுத் தள்ளிய மேட்டு நிலத்தில் மெலிந்த காற்றில் 93-லேயே ஓடுகிற வண்டி, இங்கே 95 போட்டும் இப்படிக் கரி துப்பினால் அது பெட்ரோலின் குற்றம் இல்லை. மூன்றாவது: ‘உங்க எக்ஸாஸ்ட் லீக்.’ சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாயிற்று, காப்பர் கேஸ்கெட் புதிது, ஒரு குமிழி இல்லை. நாலாவது, வாட்ஸாப்பில் நீல டிக், பதில் இல்லை. கடைசியாக நேரில் போனபோது, ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் போட்டாச்சு, ரீஃபண்ட் கிடையாது.’ எந்த சாஃப்ட்வேர்? லைசென்ஸ் எண் எங்கே? ‘சிஸ்டத்துல இருக்கு.’ 8,400 ராண்டுக்கு இதுதான் மரியாதை.

டேங்கைத் தூக்கியது அதற்குப் பிறகு. ஏர்பாக்ஸில் உள்ள காற்று வெப்ப சென்சாரின் ப்ளக் கழற்றப்பட்டு, அதன் வாயில் அந்த ரெசிஸ்டர் சொருகியிருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் 5.9 கிலோ ஓம். இந்த சென்சாருக்குக் குளிர் கூடக் கூட மின்தடை கூடும்; யமஹா கணக்கில் 6 கிலோ ஓம் பக்கம் என்றால் 0 டிகிரி. ஆக, டர்பன் வெயிலில் ஓடுகிற வண்டியின் ஈசியூ பனியில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. காய்ச்சல்காரன் வாயில் ஐஸ் வைத்துவிட்டுத் தெர்மாமீட்டர் போட்ட மாதிரி. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம் என்று பெட்ரோலைக் கூட்டும். 30 டிகிரி நாளில், கெல்வின் கணக்கில், 303-ஐ 273-ஆல் வகுத்தால் 1.11, அதாவது 11 சதவீதம் கூடுதல். முழு த்ராட்டிலில் 13:1 சுற்றி இருக்க வேண்டியது 12-க்குக் கீழே போய்விடும். கரி அதனால்தான். ஆனால் லேசான த்ராட்டிலில் ஓ2 சென்சார் அந்தக் கூடுதலைத் திரும்ப வெட்டிவிடும். அதனால் லீனில் வருகிற உதைப்பு போகாது. வெடிச்சத்தமும் போகாது, ஏனென்றால் ஏஐஎஸ் வழியாகப் புதுக் காற்று எக்ஸாஸ்ட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அவன் வாயால் கேட்ட அதே ஏஐஎஸ், தொடவே இல்லை.

இரண்டு ராண்டு ரெசிஸ்டர். வாங்கியது 8,400 ராண்ட்.

அப்புறம் அந்த டைனோ சீட்டு. கீழே பொடி எழுத்தில் காற்றழுத்தம் 834 மில்லிபார், கரெக்ஷன் (அழுத்தத்துக்கு ஏற்பச் சக்தியைத் திருத்தப் பெருக்கும் எண்) 1.23. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். இங்கே அழுத்தம் 1,013 பக்கம் நிற்கும், கரெக்ஷன் ஏறக்குறைய 1.00 வரும். 834 என்பது 1,700 மீட்டர் உயரத்து ஜோஹன்னஸ்பர்க் காற்று. மேலே வண்டியின் பெயர் வருகிற வரி கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறது. எவனுடைய வண்டியோ, எந்த ஊரிலோ ஓட்டிய சீட்டு. காற்று-எரிபொருள் விகிதக் கோடு அதில் கிடையவே கிடையாது. அந்தக் கோடு இல்லாத சீட்டைச் சுவரில் ஒட்டலாம், டியூனுக்கு அத்தாட்சி ஆகாது.

எந்த எக்ஸாஸ்ட்டுக்கு எந்த டியூன் என்று நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது.

ஸ்லிப்-ஆன் என்றால் முதலில் சும்மா ஓட்டிப் பாருங்கள். மூடும்போது மட்டும் வெடித்தால் கேஸ்கெட்டையும் ஏஐஎஸ்ஸையும் பாருங்கள், டியூன் அப்புறம். ஓ2 சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும், ஈசியூ வீணாகப் பெட்ரோல் ஊற்றும். அந்த நிலையில் எந்த டியூனும் நிற்காது.

ஃபுல் சிஸ்டம் என்றால் உண்மையான வழிகள் இரண்டு. ஒன்று, இன்ஜெக்டர் வயரில் இடையில் மாட்டும் பிக்கிபேக் பெட்டி, பவர் கமாண்டர் மாதிரி. வண்டியை விற்கும்போது கழற்றிக்கொள்ளலாம், ஆனால் வெறும் பெட்டி மாற்றுவது பெட்ரோலை மட்டும்தான். இன்னொன்று ஈசியூ ரீஃப்ளாஷ்: பெட்ரோல், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விடும் நேரம்), த்ராட்டிலை மூடும்போது பெட்ரோல் நிறுத்தும் எல்லை எல்லாம் கைக்கு வரும். எதுவானாலும் விகிதத்தின் எண்ணையே காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்தால்தான் அர்த்தம். வண்டியில் இருக்கிற நேரோபேண்ட் சென்சாருக்கு 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் தெரியும், 13-ஐயும் 12-ஐயும் பிரிக்கத் தெரியாது. வெறும் ரெசிஸ்டரை ‘ஃபியூல் சிப்’ என்று நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேட்டு நிலத்தில் எழுதிய மேப்பை அப்படியே இங்கே போட விடாதீர்கள். அழுத்த சென்சார் பெட்ரோலைச் சமாளித்துவிடும். ஆனால் அங்கே தாங்கிய இக்னிஷன் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டி விடுவது) இங்கே அடர்ந்த காற்றில் நாக் (கலவை தானே வெடித்துத் தட்டுவது) அடிக்கலாம். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னும் மோசம்: ஜோஹன்னஸ்பர்க்கில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டது இங்கே லீனாக ஓடிப் பிஸ்டனைச் சுடும்.

டைனோ ஓடும்போது கூட நில்லுங்கள். முன், பின் இரண்டு ரன்னும் ஒரே நாளில், ஒரே கியரில் இருக்கணும். ரசீதில் என்ன வேலை, எந்த பாகம், எந்த லைசென்ஸ் எண் என்று எழுதி வாங்குங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி (68-ஆம் எண்) ரிப்பேரில் போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத வாரண்டி உண்டு. கழற்றிய பாகத்தையும் அவர்கள் திருப்பித் தரணும். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று சுவரில் எழுதி ஒட்டினால் சட்டம் மாறிவிடாது. முதலில் எழுத்தில் கேட்டு 14 நாள் கெடு கொடுங்கள், பிறகு மோட்டார் தொழில் ஓம்பட்ஸ்மன் (புகார் விசாரிக்கும் நடுவர்), அதுவும் ஆகாவிட்டால் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றம். அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள்.

அந்த ரெசிஸ்டரைக் கழற்றுமுன் இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், மீட்டர் எண்ணும் படத்தில் விழட்டும். 8,400 ராண்டுக்கு இப்போது கையில் இருக்கும் சாட்சி அந்தப் படங்களும் வெட்டிய சீட்டும்தான். கடைக்கு எழுதிய கடிதம் நேற்றுப் போய்விட்டது.