ஆரியங்காவா, பண்பொழியா?

தென்காசி மாவட்டச் செங்கோட்டையில் குடியிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்தால், மேற்கே மலையேறி, கேரள எல்லை தாண்டி ஆரியங்காவுக்குப் போகலாம். அல்லது வடக்கே வயல்களினூடே பண்பொழிக்குப் போகலாம்.

ஆரியங்காவுச் சாலையில் புளியரை எஸ் வளைவுதான் முதல் சோதனை. கியர் இல்லாத என் சைக்கிளை அங்கே நான் உருட்டிக்கொண்டுதான் போகிறேன், அதில் வெட்கமில்லை. கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிச் செல்லும் லாரிகள் உரசிய கிளைகளில் மஞ்சள் இழைகள் தொங்குவதும், ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வரும் காற்று சாரலை முகத்தில் அறைவதும் நடந்து போகிறவருக்கே முழுதாய்க் கிடைக்கும். அதே காற்று திரும்பும்போது முதுகைத் தள்ளுவதால், மிதிக்காமலே புளியரை வயல்வரை இறங்கிவிடலாம். பிரேக் கட்டைகளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது என்பதால், எல்லைக்கு அப்பால் கட்டன் சாயா குடிப்பதை அயலூர்ப் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பண்பொழி 10 கிலோமீட்டருக்கும் குறைவு, பெரும்பாலும் சமதளம். லாரித் தொல்லை குறைவு என்பதால் பிள்ளைகளோடு செல்ல இதுவே ஏற்றது. திருமலைக்கோயிலின் 600-க்கும் மேற்பட்ட படிகளை ஏறுவதென்றால், சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு, தண்ணீர்ப் புட்டியை மறவாமல் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனியாகப் போகும் நாளில் நான் மேற்கேதான் திரும்புகிறேன்.