மால்டோவா வைன்: சில வருஷமா வாங்கிக் குடிச்ச அனுபவம்

ரொமேனியா தலைநகர் புக்கரெஸ்ட்டுக்கு வேலைக்கு வந்ததுல இருந்து எங்க வீட்டுல அதிகமா திறந்தது மால்டோவா பாட்டில்தான். பிடிச்சதைத் திரும்பத் திரும்ப வாங்கி, பிடிக்காததை விட்டு, ஒரே திராட்சையை வேற வேற கம்பெனில எடுத்துப் பார்த்துன்னு சில வருஷம் ஓடிருச்சு, அதனால நம்பி எழுதறேன். கையில இருக்கிற காசுக்கு நல்ல வைன் வேணும்னா இந்த நாட்டை விட்டுடாதீங்க. ஆனா கடையில போய் கேபர்னே, மெர்லோன்னு தெரிஞ்ச பேரைத் தேடாம அந்த ஊர் திராட்சையா பார்த்து வாங்குங்க.

விலை கம்மின்னா தரமும் கம்மியாத்தான் இருக்கும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் என்கிட்டயே சொல்லியிருக்காங்க. இங்க விஷயம் அது இல்ல. ரொமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவுல, தமிழ்நாட்டுல கால் பங்கு சைஸ்ல இருக்கிற நாடு இது. சோவியத் காலத்துல மொத்த யூனியனுக்கும் இங்க இருந்து வைன் போச்சு, அப்ப அளவுதான் முக்கியம், இனிப்பு வைனுக்கு நல்ல கிராக்கி. 1985ல சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரா இறங்கினப்ப ஏகப்பட்ட தோட்டத்தை வேரோட பிடுங்கிட்டாங்க. தனி நாடு ஆன பிறகும் சரக்கு பெரும்பாலும் ரஷ்யாவுக்குத்தான் போயிட்டிருந்துச்சு, 2006ல அவங்க தடை போட்டாங்க, 2013ல இன்னொரு தடவை போட்டாங்க. மெயின் கஸ்டமரே கதவை சாத்திட்டா என்ன பண்ணுவாங்க, ஐரோப்பா பக்கம் திரும்பி, இனிப்பைக் குறைச்சு, இனிப்பில்லாத டிரை வைனை ஒழுங்கா பண்ண ஆரம்பிச்சாங்க. 2014 ஜனவரில இருந்து ஐரோப்பிய யூனியனும் மால்டோவா வைனுக்கு சந்தையைத் திறந்து விட்டுருச்சு. தரம் ஏறிடுச்சு, பேரு இன்னும் பரவல, அதனால விலை இன்னும் கீழயே நிக்குது. வாங்குறவங்களுக்கு இதுதான் நல்ல நேரம்.

இப்ப திராட்சைக்கு வர்றேன். ஃபெத்தியஸ்கா நியாக்ரா, சிவப்பு, ரொமேனியாவுலயும் இருக்கு. உலர்ந்த பிளம் வாசனை, கொஞ்சம் மசாலா வாடை, வாயில மெத்துனு இறங்கும், வைன் பழகாதவங்களுக்குக் கூட பிடிச்சிரும். ராரா நியாக்ரா அதைவிட லேசு, புளிப்பு செர்ரி மாதிரி சுறுசுறுன்னு இருக்கும், நிறமும் அவ்வளவு அடர்த்தி இல்ல. ரொமேனியாவுல இதையே பாபியஸ்கா நியாக்ரான்னு விப்பாங்க. எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானது இந்த ராரா நியாக்ராதான், கோடைல அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா அவ்வளவு நல்லா இருக்கும், சிவப்பு வைனை ஃப்ரிட்ஜ்ல வெக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. வெள்ளைல ஃபெத்தியஸ்கா ஆல்பா அமைதியான வைன், குறையும் இல்ல ஆச்சரியமும் இல்ல. ஆனா வியோரிகான்னு ஒன்னு இருக்கு, மால்டோவாலேயே உருவாக்கின கலப்பினம், பாட்டிலைத் திறந்ததும் பூ வாசனை ரூமே தூக்கும், குடிச்சா இனிப்பு இருக்காது, டிரையா இருக்கும். இதைக் குடிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பேரை எழுதி வாங்கிட்டுப் போனாங்க.

பெரிய பேருன்னா புர்காரிங்கற கம்பெனி. 1827ல ஆரம்பிச்சது, நாட்டோட தென்கிழக்குல நீஸ்டர் ஆத்துப் பக்கம், 2018ல புக்கரெஸ்ட் பங்குச் சந்தைல கூட ஏறுச்சு. அவங்க நெக்ரு தெ புர்காரி கேபர்னே சாவிஞான், ஜார்ஜியாவோட சபெராவி, ராரா நியாக்ரா மூணும் கலந்தது. மத்த மால்டோவா பாட்டிலைப் பார்த்தா இது விலை ஜாஸ்திதான், ஆனா இதே கனத்துல ஒரு பிரெஞ்சு வைன் வாங்கப் போனீங்கன்னா வித்தியாசம் புரியும். வாங்கின அன்னைக்கே திறக்காதீங்க, ரெண்டு மூணு வருஷம் வெக்க முடிஞ்சா வெச்சுப் பாருங்க, இளசா இருக்கிறப்ப வாயைக் கொஞ்சம் பிடிக்கும், வெச்சுக் குடிச்சா ஆளே மாறிடுது.

நம்ம சாப்பாட்டோட எப்படின்னு கேட்பீங்க. காரம் தூக்கலா இருக்கிற செட்டிநாடு கோழியோட நெக்ரு தெ புர்காரி மாதிரி துவர்ப்பும் ஆல்கஹாலும் கூடின வைன் வேண்டாம், காரம் இன்னும் ஏறி ரெண்டோட ருசியும் போயிரும். அங்க ராரா நியாக்ரா சரியா நிக்கும். மட்டன் சுக்கா மிளகு போட்டதுன்னா ஃபெத்தியஸ்கா நியாக்ரா. தேங்காய்ப்பால் ஊத்தின சொதி, மீன் மொய்லி இதுக்கெல்லாம் வியோரிகா, இதுல மட்டும் நான் யார்கிட்டயும் சமரசம் பண்ண மாட்டேன்.

முடிஞ்சா ஒரு தடவை நேர்ல போயிட்டு வாங்க. புக்கரெஸ்ட்ல இருந்து மால்டோவா தலைநகர் கிஷினாவுக்கு நைட் ட்ரெயின்ல போனோம், பார்டர்ல உங்கேனில பெட்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை மாத்துறாங்க, அந்தப் பக்கம் சோவியத் அகலப் பாதைங்கறதால, தூக்கம் போனாலும் பார்க்க வேண்டிய விஷயம். அங்க இருந்து கிரிகோவா பக்கம்தான். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த சுரங்கத்தை அப்படியே வைன் கிடங்கா மாத்தியிருக்காங்க, வெளில என்ன வெயில் அடிச்சாலும் உள்ள சில்லுனு ஒரே மாதிரி இருக்கும், உள்ளயே வண்டில கூட்டிட்டுப் போறாங்க, தெருவுக்கெல்லாம் வைன் பேரு. 1966ல முதல் விண்வெளி வீரர் ககாரின் வந்துட்டுப் போன இடம். இன்னொரு சுரங்கம் மிலெஷ்டி மிச், உலகத்துலயே பெரிய வைன் சேமிப்புன்னு 2005ல கின்னஸ்ல ஏறினது, 15 லட்சம் பாட்டில். அக்டோபர் முதல் வாரக்கடைசில போனா கிஷினாவ்ல வைன் திருவிழா நடக்கும், சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களையும் ஒரே இடத்துல ருசி பார்க்கலாம், ஊர்ப் பேரே கேள்விப்படாத சில நல்ல பாட்டில் எனக்கு அங்கதான் கிடைச்சுது.

குறையும் சொல்லணும்ல. ரொம்ப அடிமட்ட விலைல ஒரு வருஷம் நல்லா இருக்கிற வைன் அடுத்த வருஷம் தண்ணியா இருக்கும், நம்பி மொத்தமா வாங்காதீங்க. சிலர் ஓக் மரப் பீப்பாய் வாசனையை அள்ளிக் கொட்டுறாங்க, திராட்சை எங்கன்னு தேடணும். வித்தியாசமான வடிவத்துல பளபளன்னு வர்ற பரிசு பாட்டில் பக்கம் நான் போறதே இல்ல. லேபிள்ல செக்னு இருந்தா டிரை, தெமிதுல்ச்சேன்னா பாதி இனிப்பு, துல்ச்சேன்னா முழு இனிப்பு, இதைப் பார்க்காம எடுத்துட்டு வந்து இனிக்குதேன்னு புலம்பறவங்க நிறைய பேர். கோத்ரு, ஷ்டெஃபான் வோடா, வலுல் லுய் ட்ரயான் இந்த மூணுல ஒரு பகுதிப் பேரோட ஐஜிபின்னு (நம்ம ஊர் புவிசார் குறியீடு மாதிரி) போட்டிருந்தா திராட்சை பெரும்பாலும் அந்தப் பகுதியோடதுன்னு அர்த்தம், சிவப்புக்கு நான் முதல்ல பார்க்கிறது ஷ்டெஃபான் வோடா.

முதல் தடவை வாங்கறவங்க ஒரு ராரா நியாக்ரா, ஒரு வியோரிகா எடுங்க. ரெண்டும் பிடிச்சிருந்தா அப்புறம் ஃபெத்தியஸ்கா நியாக்ரா பக்கம் வாங்க, நெக்ரு தெ புர்காரியை ஏதாவது நல்ல நாளுக்கு வாங்கி வெச்சுடுங்க.